சிஸ்டர் பதில்கள்: கக்கத்தில் பையை இடுக்காதீர்கள், தம்பி!

கேள்வி: சிஸ்டர் அம்மாவுக்கு வணக்கம். மேலூர் பக்கம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறேன். வயது 27. பத்தாவது படிக்கும்போதே இரண்டு அக்குளிலும் வியர்வை கொட்ட ஆரம்பித்துவிட்டது. கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் சீட்டில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். லோஷன், ஊசி எல்லாம் பார்த்துவிட்டு, தோலுக்கு அடியில் இருக்கும் வியர்வைச் சுரப்பிகளைச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். இன்று ஒன்பதாம் நாள். அழுத்தக் கட்டை எடுத்துவிட்டார்கள், தையல் இருக்கிறது. தொட்டால் மரத்துப்போன மாதிரி இருக்கிறது. இடது பக்கம் தையல் ஓரத்தில் புளியங்கொட்டை அளவு கறுத்திருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்க இன்னும் பன்னிரண்டு நாள்தான். முதலாளி தினமும் போன் போடுகிறார். வண்டி ஏறலாமா? அம்மா முட்டை, மீன், பருப்பு எதையும் தர மாட்டேன் என்கிறார், சீழ் பிடிக்குமாம். ஷெட்டில் ஒரு அண்ணன், இனி அந்த வியர்வையெல்லாம் முதுகு வழியாக வரும் என்று பயமுறுத்துகிறார்.

பதில்: முதலில் அந்தப் புளியங்கொட்டை. தையல் பிரிக்கும் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள். நாளைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள். சின்னதாக இருந்தால் பெரும்பாலும் பொருக்குத் தட்டித் தானாக உதிர்ந்துவிடும். ஆனால் அதை நேரில் பார்த்துவிட்டு அவர் சொல்ல வேண்டும், கடிதத்தைப் படித்துவிட்டு நான் சொல்லக் கூடாது.

ஏன் கறுக்கிறது? மதுரைக்காரருக்குப் போஸ்டரைச் சொன்னால் புரியும். ராத்திரி பசை தடவி ஒட்டிய போஸ்டரைக் காய்வதற்குள் யாராவது இழுத்தால் நடுவில் உப்பும், ஓரம் கிழியும். உங்கள் அக்குள் தோலை அடியிலிருந்து பிரித்து, உள்பக்கம் சுரண்டி, மறுபடி படிய வைத்திருக்கிறார்கள். அது ஒட்டினால்தான் அதற்கு நல்ல ரத்த ஓட்டம். கையைத் தூக்கத் தூக்கத் தோல் நழுவும், இடையில் ரத்தமோ நீரோ தேங்கும், ரத்தம் எட்டாத இடம் கறுக்கும். பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்று எழுதவில்லை. உண்டென்றால் விடுங்கள், புகையும் இதே வேலையைத்தான் செய்யும்.

தையல் பிரிக்கப் பொதுவாக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை முழங்கை தோளுக்கு மேலே போகக் கூடாது. தலைவழியாக மாட்டும் பனியனும் டி-ஷர்ட்டும் பெட்டியில் கிடக்கட்டும். முன்னால் பட்டன் வைத்த, ஒரு சைஸ் பெரிய பருத்திச் சட்டை போடுங்கள். தலைவாரிவிட அம்மா இருக்கிறார். மல்லாந்து படுத்து, கைக்கு அடியில் தலையணை வையுங்கள். தண்ணீர்க் குடம், சிலிண்டர் ஒரு மாதத்துக்கு ஆகாது. பைக்கை டாக்டர் சொன்ன பிறகு தொடுங்கள். அதற்காகக் கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டே இருந்தால் தோள் இறுகிவிடும். விரல், மணிக்கட்டு, முழங்கையை இப்போதே அசைக்கலாம். அவர் சரி என்றதும், சுவரில் விரல்களை நடக்கவிட்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுங்கள்.

பஸ் விஷயத்தில் கம்பியை விட எனக்குப் பயம் அந்தத் தோல் பை. கக்கத்தில் இடுக்கினால் நேராகக் காயத்தின் மேல் உரசும். கூட்டத்தில் டிரைவர் பிரேக் அடித்தால், வேண்டாம் என்று நீங்கள் நினைப்பதற்குள் கை கம்பிக்குப் போயிருக்கும். திருவிழா அன்றைக்கு உங்களுக்கு இருபத்தொன்றாம் நாள். போதாது. ஸ்டாண்டில் டைம் பார்க்கிற வேலையோ, ஷெட்டில் கலெக்ஷன் கணக்கோ கேட்டுப் பாருங்கள். அழகர் அடுத்த வருடமும் வருவார்.

முட்டை சாப்பிடுங்கள். பருப்பும் மீனும்தான். காயம் ஆறப் புரதம் வேண்டும். சீழ் பிடிப்பது கிருமியால், குழம்பால் இல்லை. அம்மாவிடம் சண்டை போடாதீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். வார்டில் எத்தனையோ பேருக்கு முட்டை சாப்பிடச் சொன்னவள் நான். என் வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு மாமியார் ரசமும் சுட்ட அப்பளமுமாக ஒரு மாதம் ஓட்டினார், நான் வாயைத் திறக்கவில்லை! டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள், அம்மா கேட்பார். மஞ்சள் அரைத்துப் பூசுகிறேன் என்றால் மட்டும் சம்மதிக்காதீர்கள்.

மரத்துப்போனது சில மாதங்களில் மெல்லத் தெளியும். முதுகு வியர்வை என்று அந்த அண்ணன் சொன்னது வேறு ஆபரேஷன். நெஞ்சுக்குள் நரம்பைத் துண்டிக்கிறவர்களுக்கு அப்படி வரும். உடம்பில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு, உங்களுக்கு எடுத்தது அதில் ஒரு துளி. அக்குளிலும் சில மிச்சம் இருக்கும், கொஞ்சம் ஈரம் வந்தால் ஆபரேஷன் வீண் என்று நினைக்காதீர்கள்.

திடீரென்று எலுமிச்சை போல வீங்கினாலோ, நாற்றத்தோடு நீர் வந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ அன்றைக்கே ஓடுங்கள். நீங்களாக அமுக்கிப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: திருமங்கலத்தில் டீச்சராக இருக்கிறேன். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கவே வெட்கமாக இருக்கிறது. நானும் நேராக ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

பதில்: அவசரம் வேண்டாம்மா. தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிட்டு, தோல் டாக்டரிடம் அலுமினியம் குளோரைடு லோஷன் பற்றிக் கேளுங்கள். ராத்திரி படுக்கும்முன், நன்றாக உலர்ந்த அக்குளில் தடவி, காலையில் கழுவ வேண்டும். ஷேவ் செய்த அன்று தடவினால் எரியும். அது கேட்காவிட்டால் சில மாதங்கள் தாங்கும் ஊசி இருக்கிறது, ஆபரேஷன் அதற்கும் அப்புறம்தான். லோஷன் துணியைக் கெடுக்கும். பழைய நைட்டியாகப் போட்டுக்கொண்டு படுங்கள்.