சாயங்காலம் சரியாகிவிடுகிறது என்றால், காலையில் நடிக்கிறேனா?

மனநலம்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 36. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு மாதமாக விடியற்காலை மூன்றரை மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அலாரம் ஐந்தரைக்குத்தான். அதுவரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன், நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருக்கும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் அப்படியே நின்றிருக்கிறேன். ஆனால் மாலை ஐந்து மணிக்கு மேல் மெல்ல லேசாகிவிடும், எட்டு மணிக்குப் பிள்ளைகளோடு சிரித்துப் பேசுகிறேன். "வேலை இருக்கிற நேரத்துல மட்டும் வர்றது என்ன நோய்?" என்று கணவரும் மாமியாரும் கேட்கிறார்கள். இப்போது எனக்கே சந்தேகம். நான் நடிக்கிறேனா டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை அம்மா, நீங்கள் நடிக்கவில்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சந்தேகம்தான் உங்களைப் போன்றவர்களைச் சிகிச்சைக்கு வரவிடாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போட வைக்கிறது.

காலையில் அழுத்துவதும் பொழுது சாயச் சாயத் தளர்வதும் மனச்சோர்வு நோயில் மருத்துவர்கள் காலங்காலமாகப் பார்த்துவரும் அடையாளம். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மணி நேரமோ அதற்கும் மேலோ முன்னதாக விழிப்பு வருவது, காலையில் சோர்வு கூடுதலாக இருப்பது, இரண்டுமே உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியலில் அறிகுறிகளாக எழுதப்பட்டிருக்கின்றன. ஐந்தரைக்கு எழ வேண்டியவர் மூன்றரைக்கு விழிக்கிறீர்கள். சரியாக இரண்டு மணி நேரம். இதைக் கடிதத்தில் படித்தபோதே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

ஏன் காலையில்? நம் மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்கு மேலே, ஏறக்குறைய 20,000 செல்கள் கொண்ட ஒரு சின்ன இடம் உடம்பின் கடிகாரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. தூக்கம், உடல் சூடு, பசி, ஹார்மோன் எல்லாம் அதன் கணக்கில்தான் ஏறி இறங்குகின்றன. (செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்குத்தான் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். வீட்டில் யாராவது "அதெல்லாம் சும்மா" என்றால் இதைச் சொல்லுங்கள்.) கார்டிசால் என்ற ஹார்மோன் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும், விடியலை நெருங்க நெருங்க ஏறும், கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் இன்னும் பாதியளவு கூடும். எழுந்து வேலையைப் பார் என்று உடம்பைத் தட்டி எழுப்பும் ஏற்பாடு அது. மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு கணிசமான பகுதியினருக்கு இந்த ஏற்ற இறக்கம் தாறுமாறாகிவிடுகிறது. கூடவே தூக்கமும் மாறிப்போகிறது, கனவுத் தூக்கம் வழக்கத்தைவிட முன்கூட்டியே வந்துவிடுகிறது, ஆழ்ந்த தூக்கம் குறைகிறது. அதனால் இரவெல்லாம் படுத்திருந்தும் அடி வாங்கின மாதிரி எழுந்திருக்கிறீர்கள். இது ஒன்றே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் உங்கள் காலைப் பாரம் சோம்பேறித்தனம் இல்லை என்று சொல்ல இதுவே போதும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் யோசிப்பதில்லை. நம் ஊரில் தனியார் கிளினிக் என்றால் பெரும்பாலும் சாயங்காலம்தான். நீங்கள் ஆறரை மணிக்கு டோக்கன் வாங்கி, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, டாக்டர் முன்னால் உட்கார்ந்து தெளிவாகப் பேசுவீர்கள். அவர் பார்ப்பது உங்கள் மாலை முகத்தை. மூன்றரை மணி முகத்தை அவர் பார்க்கவே போவதில்லை. அதனால் நீங்கள்தான் அதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒரு வாரம், பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, விழித்ததும், மதியம், மாலை, படுக்கும் முன் என்று நான்கு வேளை மனப்பாரத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு எண் மட்டும் போடுங்கள். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். அந்த ஒரு பக்கம் அரை மணி நேரப் பேச்சுக்குச் சமம். கணவரையும் அந்த நோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் டாக்டரிடம் கூடவே வரச் சொல்லுங்கள்.

அதுவரை என்ன செய்வது? விழித்த பிறகு இருட்டில் புரண்டுகொண்டே இருக்காதீர்கள், வேறு அறைக்கு வந்து உட்காருங்கள். வெளிச்சம் வந்ததும் மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ போய் இருபது, முப்பது நிமிடம் இருங்கள். வீட்டு விளக்கு நமக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் வெளியில் நிழலில் நின்றால் கிடைக்கும் வெளிச்சத்தில் சிறு பங்குகூட அதில் இல்லை, உடம்புக் கடிகாரம் அந்த வெளி வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. காய் நறுக்குவது, யூனிஃபார்ம் எடுத்து வைப்பது இதையெல்லாம் முதல் நாள் இரவு எட்டு மணிக்கே, அதாவது உங்களுக்குத் தெம்பு இருக்கும் நேரத்தில் முடித்துவிடுங்கள். வேலையை விடலாமா, அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா போன்ற பெரிய முடிவு எதையும் காலையில் எடுக்காதீர்கள். டாக்டர் தைராய்டு, ரத்தசோகை பரிசோதனை எழுதிக் கொடுத்தால் தவறாமல் செய்யுங்கள், அவையும் இப்படிச் சோர்வைக் கொடுக்கும். மாத்திரை தொடங்கினால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட. மாலையில் நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. விடியற்காலையில் செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்தால், மாலை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் படுத்திருப்பவரை உடனே எழுப்புங்கள். அல்லது 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள், அரசாங்கத்தின் இலவச எண், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 63, கும்பகோணம். பகல் முழுக்க நன்றாக இருக்கிறேன். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் படபடப்பு, கை வியர்வை, ஏதோ கெட்ட செய்தி வரப்போகிற மாதிரி பயம். மனைவி தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. மகன் வெளிநாட்டில். ஈசிஜி எடுத்தேன், நார்மல் என்றார்கள். மற்றவர்களுக்குக் காலையில்தான் மோசம் என்கிறார்களே, எனக்கு ஏன் தலைகீழாக?

பதில்: ஐயா, எல்லோருக்கும் காலையில்தான் என்று இல்லை. சிலருக்கு மாலையில் கூடும், சிலருக்கு நாள் முழுக்க ஒரே அளவில் நிற்கும். பதற்றம் முக்கியமாக இருப்பவர்களில் மாலையைச் சொல்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பகலில் கடைத்தெரு, பேப்பர், பேச்சு என்று மனசுக்குப் பிடிமானம் இருக்கிறது, ஆறு மணிக்கு மேல் அது ஒவ்வொன்றாக விலகிவிடுகிறது. அந்த நேரத்தில் முன்பு வீட்டில் ஒரு குரல் இருந்தது. விளக்கேற்றிய கை இல்லை. அந்த நேரத்தையே உடம்பு பயமாகக் காட்டுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் ஸ்ட்ராங் டிகிரி காபி என்று எழுதியிருக்கிறீர்கள். குடித்த காபியின் காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக் காபியை நிறுத்துங்கள், நான்கு மணிக் காபியை மதியம் ஒரு மணிக்குள் நகர்த்துங்கள், அதுவும் ஒரேயடியாக வேண்டாம், தலைவலிக்கும், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. அப்புறம், ஐந்து மணிக்கு ஒரு இருபது நிமிடம் கவலைக்கென்றே ஒதுக்குங்கள், தாளில் எழுதுங்கள், எழுதி மடித்து வையுங்கள். ஏழு மணிக்கு அதே கவலை வந்தால் "நாளைக்கு ஐந்து மணிக்கு" என்று அதனிடம் சொல்லுங்கள். ஆறிலிருந்து எட்டு வரை தனியாக இருக்காதபடி பாருங்கள், தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாமே. மகனோடு பேசுவதையும் அந்த நேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். படபடப்பு அடங்க மதுவைத் தொட வேண்டாம், இரவு தூங்க வைக்கும், மூன்று மணிக்கு எழுப்பிப் பதற்றத்தை இரட்டிப்பாக்கும். ஒரு மாதம் பார்த்தும் குறையவில்லை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், துக்கத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: நடு இரவில் விழித்தால் எல்லாமே பூதாகாரமாகத் தெரிகிறது. காலை பத்து மணிக்கு நினைத்தால் ஒன்றுமே இல்லை. இதுவும் நோயா?
- கல்லூரி மாணவர், மதுரை

பதில்: எப்போதாவது என்றால் இல்லை தம்பி. அந்த நேரத்தில் மூளை முழுசாக விழித்திருப்பதில்லை, பேச ஆளும் இல்லை, அதனால் சின்ன அரியர் பேப்பர்கூட வாழ்க்கைப் பிரச்சினையாகத் தெரியும். போனை எடுத்து மணி பார்க்காதே, அடுத்து எதைப் பார்ப்பாய் என்று உனக்கே தெரியும். தலைமாட்டில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள், பயத்தை ஒரே வரியில் எழுதிவிட்டுப் படு. பத்து மணிக்கு எடுத்துப் படி. இரண்டு வாரம் தொடர்ந்து பத்து மணிக்கும் அந்த வரி அதே கனத்தோடு இருந்தால், அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவரைப் போய்ப் பார்.