கையால் எடுத்து வீசும் பந்து

அன்புள்ள ஐயா,

எங்களுடையது கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊர். இங்கே பிள்ளைகளுக்குக் கால்பந்துதான் எல்லாம். எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் இருபது வருடம் மலப்புறம், திருச்சூர் என்று போய் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, ஆடியவர். பக்கத்து ஊரில் அவருக்கு ஆட்டம் இருந்தால் அன்றைக்குக் கடலுக்குப் போகாதவர்கள் உண்டு. இப்போது வயது 55. ஒரு குடோனில் இரவுக் காவல் வேலை. குடியும் கொஞ்சம் இருக்கிறது. சாயங்காலம் மைதானத்து ஓரமாக வந்து உட்காருவார். பந்து காலடிக்கு உருண்டு வந்தால்கூட உதைப்பதில்லை, கையால் எடுத்து வீசுகிறார். ஊர்த் திருவிழாவில் அவருக்குப் பொன்னாடை போட்டு ஒரு தொகை கொடுக்கலாம் என்று பையன்கள் பேசியிருக்கிறோம். அது சரியாக இருக்குமா?

அன்புடன்,
ஜெ.

அன்புள்ள ஜெ.,

பொன்னாடை போடுங்கள், தொகையும் கொடுங்கள். தப்பே இல்லை. ஆனால் அவர் பந்தைக் கையால் எடுத்து வீசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இரண்டு நாளாக மனசைப் பிசைகிறது.

1992இல் கோவை நேரு ஸ்டேடியத்தில் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி கால்பந்து இறுதி ஆட்டம் பார்த்தேன். கேரளம் கோவாவை 3-0 என்று வென்றது. கேப்டன் வி. பி. சத்யன். அவர் ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் நடுத் தடுப்பாளராக, நின்றால் பின்பக்கம் கதவைச் சாத்தித் தாழ் போட்ட மாதிரி இருக்கும். 1990, 1991 என்று அடுத்தடுத்து கிளப் அணிகளுக்கான ஃபெடரேஷன் கோப்பையை வென்ற கேரள போலீஸ் அணியின் தூண் அவர். 1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வாங்கியபோதும் அவர்தான் கேப்டன். அப்புறம் இந்தியன் வங்கியில் வேலை, சென்னையில் குடும்பம். மாதச் சம்பளம் தவறாமல் வந்தது. ஆனால் காலில் பழைய காயங்கள், மனதில் சோர்வு. 2006 ஜூலை 18 அன்று பல்லாவரத்தில் ரயில் பாதையில் உயிரை விட்டார். வயது 41. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நம் ஊரிலேயே இருந்திருக்கிறார், நாம் அவரைத் தேடிப் போனதே இல்லை.

ஒருவர் மனதில் என்ன இருந்தது என்று வெளியிலிருந்து சொல்ல நமக்கு உரிமை கிடையாது. ஆனால் வேலையும் சம்பளமும் இருந்தால் ஆடி முடித்தவன் பிழைத்துக்கொள்வான் என்ற நம்பிக்கை அன்றோடு எனக்குப் போயிற்று. இந்திய அணிக்கு ஆடிய ஐ. எம். விஜயனைப் பாருங்கள். திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன். கேரள போலீஸ் வேலை கொடுத்தது. இடையில் கொல்கத்தா கிளப்புகளுக்குப் போனவர், பின்னால் அதே போலீஸுக்குத் திரும்பி வந்தார். 2025இல் பத்மஸ்ரீ பெற்றார், ஓய்வும் பெற்றார். அந்த வேலை அவரைப் பந்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

உங்கள் அண்ணனுக்கு அந்த வாசலும் திறக்கவில்லை. செவன்ஸுக்கு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் அங்கீகாரம் கிடையாது. ஆட்டம் முடிந்தால் கையில் காசு, அவ்வளவுதான். பி.எஃப். இல்லை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குக் காட்ட ஒரு காகிதம் இல்லை. முழங்கால் வீங்கினால் கிரேப் பேண்டேஜ், வலிக்கு ஒரு ஊசி, ராத்திரி மறுபடியும் ஆட்டம். கட்டாந்தரையில் இருபது வருடம் அப்படி ஆடிய முழங்கால் என்ன ஆகியிருக்கும்? அவர் ஏன் உதைப்பதில்லை என்று யாராவது கேட்டீர்களா? வலியாகவும் இருக்கலாம். பழைய மாதிரி போகாத ஒரு உதையைப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

அதனால் திருவிழாவுக்குக் காத்திருக்காதீர்கள். முதலில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குடியைப் பற்றி அங்கேயே மனநல டாக்டரிடமும் பேசலாம். ஆனால் அவரை ஏமாற்றி அழைத்துப் போக வேண்டாம், சொல்லிவிட்டே போங்கள்.

அடுத்தது ஓய்வூதியம். நலிந்த நிலையில் இருக்கும் முன்னாள் வீரர்களுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாதம் 6000 ரூபாய் தருகிறது. 58 வயது ஆகியிருக்க வேண்டும், வருமான வரம்பு உண்டு, தேசிய அளவில் ஆடி ஜெயித்ததற்குச் சான்றும் வேண்டும். செவன்ஸ் கோப்பைகள் அங்கே செல்லாது. ஆனால் இளவயதில் ஜூனியர் அணிக்கோ தமிழ்நாட்டு அணிக்கோ ஆடியிருக்கலாம் இல்லையா? வீட்டுப் பெட்டியில் தேடச் சொல்லுங்கள். இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, இப்போதே தேடினால்தான் உண்டு.

அப்புறம் மைதானம். சின்னப் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் அவர் சொல்லிக் கொடுக்கட்டும். இதைச் சும்மா வாங்காதீர்கள். அந்தப் பொன்னாடைத் தொகையை மாதாமாதம் சம்பளமாகக் கொடுங்கள். முடிந்தால் கால்பந்து சம்மேளனம் பயிற்சியாளர்களுக்குத் தரும் டி லைசென்ஸ் பயிற்சிக்கும் கட்டணம் கட்டி அனுப்புங்கள். வகுப்பில் உட்காரக் கூச்சப்படுவார். உங்களில் ஒருவர் கூடச் சேர்ந்துகொள்ளுங்கள்.

பழைய சான்றிதழ் எது கிடைத்தாலும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.