கார்டைப் படித்துக் காட்டியவர்

கேள்வி: எனக்கு 70 வயது. 1979-ல் லண்டனில் படித்தபோது ஐரோப்பிய நாடுகளில் ரயிலில் சுற்றுவதற்கான இன்டர்ரெயில் பாஸ் வாங்கி, ஒரு மாதம் பாரிஸ், வெனிஸ், பைசா, ரோம் என்று தனியாகச் சுற்றினேன். ஊருக்கு ஊர் அம்மாவுக்குப் படக் கார்டு போட்டேன். (அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, தம்பி படித்துக் காட்டுவான். கார்டுகள் கும்பகோணத்தில் அவன் வீட்டில் இருக்கின்றன. பாகப்பிரிவினை மனஸ்தாபத்தில் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.) இப்போது அந்தப் பயணத்தைப் பற்றி வாயெடுத்தாலே மகனும் பேரப்பிள்ளைகளும் எழுந்து போய்விடுகிறார்கள். அதே வழியில் இன்னொரு முறை போய்வர ஆசை. வீட்டில் தடுக்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகர், சென்னை

பதில்: பழங்கதையைப் பிள்ளைகள் கேட்பதில்லை என்று எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. அவர்கள் கேட்க மாட்டார்கள். அதை விடுங்கள்.

தம்பியை ஏன் அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்?

அப்போது அவர் பள்ளிக்கூடப் பையனாக இருந்திருப்பார். தபால்காரர் கார்டைக் கொடுத்ததும் அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்திருப்பார். ஒரு தடவை படித்தால் விட்டிருப்பாரா? பக்கத்து வீட்டு மாமி வந்தால் மறுபடி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு தடவை. வெனிஸ் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ரோடே இல்லை, படிக்குக் கீழே தண்ணீர்தான். அதை நீங்கள் ஒரு முறை பார்த்தீர்கள். அந்தப் பையன் கும்பகோணத்தை விட்டு நகராமல் அம்மாவுக்காக எத்தனை முறை பார்த்தானோ!

நீங்கள் போக நினைக்கும் ஐரோப்பா இப்போது அங்கே இல்லை. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியக முற்றத்தில் 1989-ல் கண்ணாடிப் பிரமிடு வந்துவிட்டது. பைசா கோபுரத்தை 1990-ல் மூடி, சாய்வைக் கொஞ்சம் நிமிர்த்தி, 2001-ல்தான் திறந்தார்கள். நீங்கள் பார்த்த சாய்வுகூட மிச்சமில்லை. எண்ணி எண்ணிச் செலவழித்த லிராவும் பிராங்கும் 2002-ல் யூரோ நோட்டு வந்ததும் போயின. அன்றைக்குப் பார்த்தது பார்த்தபடி, உங்கள் கையெழுத்திலேயே இருப்பது தம்பி வீட்டில்தான்.

அந்தக் கார்டுகள் "இருக்கின்றன" என்று எவ்வளவு உறுதியாக எழுதியிருக்கிறீர்கள்! ஒன்பது வருடம் பேசாத மனிதர் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருக்க மாட்டார் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அவ்வளவு தெரிந்தும் இத்தனை நாள் அந்த வாசல்படி ஏறாமல் இருந்தீர்களே, அதுதான் எனக்குக் கோபம்.

பாகத்தில் நியாயம் யார் பக்கம் என்று நான் கேட்கப் போவதில்லை. ஒரு பிள்ளை கடல் கடந்து போய்ப் படிக்க, இன்னொரு பிள்ளை அம்மாவோடு இருந்தது. போனவர்தான் இருந்தவருக்குக் கடன்பட்டவர். இதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது.

போன் செய்யாதீர்கள். "சரி, பார்க்கலாம்" என்று இரண்டு பேரும் வைத்துவிடுவீர்கள். நேரில் போங்கள், மூத்தவர் நீங்கள்தான் முதலில் போக வேண்டும். வீட்டுப் பேச்சு வேண்டாம். காபி குடித்துவிட்டுக் கார்டுகளைக் கேளுங்கள். எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள், அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இப்போது ஒரே ஷெங்கன் விசா போதும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தம்பியிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று மட்டும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.