மாற்றாந்தாயும் பஞ்சமும்: ஒரு கடிதம்

வணக்கம் அக்கா,

உங்கள் ‘ரொட்டி வீடு’ கதையைத் தரம் ஐந்து மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டில் விடப்பட்ட அண்ணனும் தங்கையும் சூனியக்காரியின் ரொட்டி வீட்டில் அகப்படும் ஹான்சல், கிரேட்டல் கதையைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று ஆசையோடுதான் எடுத்தேன். ஆனால் பிள்ளைகளைக் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று பெற்ற தாயே சொல்லும் இடத்தில் எனக்கே நா எழவில்லை. என் மாணவர்களில் பலருடைய தாய்மார் குவைத்திலும் சவுதியிலும் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. நாங்கள் படித்த கதையில் மாற்றாந்தாய்தானே கெட்டவள்? அவளை எதற்காகப் பெற்றவளாக மாற்றினீர்கள்? பழைய கதைகளை நவீனமாகச் சொல்வது என்றால் தாய்மையைப் போட்டு உடைப்பதுதானா? முடிவையாவது நல்லதாக எழுதியிருக்கலாம். வகுப்பில் சொல்வதற்கு நான் அதை மாற்றிக்கொள்ளலாமா?

ஓர் ஆசிரியை,
பொகவந்தலாவை

அன்புள்ள டீச்சர்,

கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது. முதலில் அந்தத் தாயின் விஷயம். அவளை நான் மாற்றவில்லை. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் முதற்பதிப்பை வெளியிட்டபோது, பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரலாம் என்று கணவனிடம் சொன்னவள் பெற்ற தாய்தான். 1840இல் வந்த நான்காம் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். வெண்பனி இளவரசியைக் கொல்லச் சொன்னவளும் முதலில் அவளைப் பெற்றவளே. 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அவளையும் மாற்றிவிட்டார்கள். அந்தத் தொகுப்பு மெல்ல மெல்லக் குழந்தைகள் புத்தகமாகிக்கொண்டிருந்த காலம் அது. பெற்றவள் இப்படிச் செய்வாள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லத் தம்பி வில்ஹெல்முக்கு மனம் வரவில்லை போலும். ஆக, நீங்கள் பழைய கதை என்று நினைப்பதே ஒரு மறுகூறல்தான். உங்களுக்கு வந்த அதே சங்கடம் அவருக்கும் வந்திருக்கிறது.

அந்தச் சங்கடம் எனக்கும் புரிகிறது. ஆனால் மாற்றாந்தாய் வந்து சேர்ந்ததும் பசி தப்பித்துக்கொண்டது. அன்றாட ரொட்டிக்கே வழியில்லாத விறகுவெட்டியின் வீடு என்றுதான் கதை தொடங்குகிறது. அதை எல்லோரும் மறந்துவிட்டு அவளை மட்டும் திட்டுகிறோம். பிரான்ஸில் சார்ல்ஸ் பெரோ 1697இல் வெளியிட்ட கட்டைவிரல் பையன் கதையில் இந்த மழுப்பல் கிடையாது. பஞ்சம் வருகிறது. ஏழு பிள்ளைகள். அவர்கள் கண்ணெதிரே சாவதைப் பார்க்க முடியாமல் காட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். யோசனை தகப்பனுடையது, தாய் அழுதுகொண்டே சம்மதிக்கிறாள். 1693–94இல் பிரான்ஸை வாட்டிய பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர்கள் அந்தக் கதையை வாசித்தார்கள். அவர்களுக்கு மாற்றாந்தாய் தேவைப்படவில்லை.

உங்கள் கடிதத்தில் தகப்பனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? கிரிம் கதையின் பின்னைய பதிப்பில் அவன் ஒரு கிளையைப் பட்டமரத்தில் கட்டிவிடுகிறான். அது காற்றில் அடித்து அடித்து ஓசையெழுப்ப, அப்பா பக்கத்தில்தான் மரம் வெட்டுகிறார் என்று பிள்ளைகள் நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வளவு திட்டமிட்டவனை இருநூறு வருடமாக எல்லோரும் மன்னித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கதையை லயத்துக்குக் கொண்டுவந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது ஏற்கெனவே இங்கேதான் இருந்தது. நம் பாட்டன்மாருக்குச் சொல்லப்பட்ட மிட்டாய் வீடு ஒன்று உண்டே, தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று! இன்று கேட்டால் சிரிப்பு வருகிறது. 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்து ஊர்களில் கஞ்சிக்கு அலைந்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது. தோட்டத்துக்கு ஆள்சேர்க்க வந்த கங்காணியிடம் மந்திரம் எதுவும் இருக்கவில்லை, கேட்டவர்களின் வயிறு காலியாக இருந்தது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடை. விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். தப்பி வந்து சேர்ந்தவர்களின் பெயரில் வழிச்செலவெல்லாம் முன்கூட்டியே கடனாக ஏறியிருந்தது. கிரிம் கதையின் சூனியக்காரி பையனைக் கூண்டில் அடைத்துத் தீனி போட்டுக் கொழுக்க வைத்தாள். இங்கே கூண்டும் தேவைப்படவில்லை, தீனிச் செலவும் மிச்சம்.

நவீன மறுகூறல் என்ற பெயரில் வருகிற பலவற்றோடு எனக்கும் ஒத்துவருவதில்லை. ஓநாய்க்கும் சூனியக்காரிக்கும் கிராம சேவகரைப் போல நற்சான்றிதழ் எழுதிக் கொடுக்கும் கதைகளைச் சொல்கிறேன். (நம்மவர்களுக்கு அந்தச் சான்றிதழை வாங்க எத்தனை நாள் அலைய வேண்டியிருக்கிறது!) இளவரசியின் கையில் வாளைக் கொடுத்துவிட்டு, அரண்மனையில் சட்டி கழுவுகிறவளைக் கழுவிக்கொண்டே இருக்க விடுகிறவையும் இருக்கின்றன. ஆனால் மனைவிமாரைக் கொல்லும் நீலத்தாடிக்காரன் கதையை ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர் 1979இல் திருப்பிச் சொன்ன விதம் வேறு. பெரோவின் கதையில் அண்ணன்மார் வந்து காப்பாற்றிய பெண்ணை, இங்கே அவளைப் பெற்றவள் குதிரையேறித் துப்பாக்கியோடு வந்து மீட்கிறாள். இதுவும் பழைய கதையில் கைவைப்பதுதான். இதற்கு நீங்கள் கோபப்பட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இனி அந்தப் பிள்ளை. ‘ரொட்டி வீடு’ பெரியவர்களுக்காக எழுதியது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நான் அதை வாசிக்க மாட்டேன், வாயால் சொல்வேன். வாசித்தால் பிள்ளைகள் கைகட்டிக் கேட்கிறார்கள், சொன்னால் குறுக்கே விழுந்து பேசுகிறார்கள். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்ட வாசிகசாலையில் சொன்னபோது, ரொட்டித் துண்டு போட்டு வழி கண்டுபிடிக்கிற யோசனையை ஒரு பையன் அடியோடு நிராகரித்தான். பன்னிரண்டாம் நம்பர் மலை, அதைத் தாண்டி மதகு, அப்புறம் கொழுந்து மடுவம், இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் திரும்பி வரத் தெரியாதா என்று கேட்டான். தாய் காய்ந்த ரொட்டித் துண்டைக் கொடுத்தனுப்பினாள் என்பதை ஒரு சிறுமி ஏற்கவில்லை. விடியற்காலையில் எழுந்து, சூடாக ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பல் இடித்து, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தாளாம். தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லையாம். அனுப்புகிறவளும் அவள்தான், சுட்டுக் கொடுக்கிறவளும் அவள்தான். அதில் அந்தச் சிறுமிக்கு ஒரு குழப்பமும் இல்லை. கிரிம் சகோதரர்களுக்குத்தான் இருந்தது.

போன அம்மா கெட்டவள் என்று கதை சொல்வதாக உங்கள் மாணவி எடுத்துக்கொண்டிருந்தால், அதை அப்படியே விடக் கூடாது. வகுப்பு முன்னால் கேட்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அம்மாவைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. கடைக்காரரின் கொப்பியில் எவ்வளவு கடன் இருந்தது, சம்பளத்தில் எவ்வளவு கைக்கு வந்தது என்று பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற கணக்காகச் சொன்னால் போதும்.

நல்ல முடிவு கேட்கிறீர்கள். கிரிம் கதையில் பிள்ளைகள் முத்தும் மணியுமாகத் திரும்பி வரும்போது தாய் இறந்துபோயிருக்கிறாள். எப்படி இறந்தாள் என்று ஒரு சொல் இல்லை, அவளுக்காக யாரும் அழவும் இல்லை. என் கதையில் அவள் குறைந்தபட்சம் உயிரோடு இருக்கிறாள்.

வகுப்புக்காகத் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள், என் அனுமதி எதற்கு? மஸ்கெலியாச் சிறுமியின் ரொட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மா விமானத்தில் வந்து இறங்குகிறாள் என்று பிள்ளைகள் முடித்தால் அப்படியே முடியட்டும். தொடக்கத்தில் உள்ள பசியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். தகப்பனுக்கும் இரண்டு வசனம் கொடுங்கள். அன்றிரவு அவன் என்ன சொன்னான் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். சொன்னதை எனக்கு அனுப்பினால், பெயர்களை எடுத்துவிட்டு இங்கேயே வெளியிடுகிறேன்.