பத்து மணிக்கு மேல் மனம் ஓடவில்லை என்றால்

கேள்வி: வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் கூலி வேலை. பெண், வயது 38. அதிகாலை 3 மணிக்கு இறங்கினால் கரையேறப் பகல் 1 மணி ஆகும். பத்து மணிக்கு மேல் வேலையில் மனம் ஓடுவதே இல்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருக்கிறது. கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, தலைவலி, முடி கொட்டுகிறது, சிறுநீர் மஞ்சளாகப் போகிறது. மெடிக்கலில் வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் வாங்கித் தினமும் போடுகிறேன், எனர்ஜி டிரிங்கும் குடிக்கிறேன். ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை. எங்கள் தெருவில் ஒருவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. செல்போனில் தேடினால் எல்லாம் கிட்னி என்றே வருகிறது. எனக்கு இருப்பது சோம்பலா, நோயா?

பதில்: சோம்பல் இல்லை. சோம்பேறி இரண்டு மணிக்கு எழுந்து உப்பு வாரப் போகமாட்டான். ‘என் கிட்னி போய்விட்டதா’ என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது. எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இதே பழக்கம் தொடர்ந்தால் அது நடக்காது என்று நான் சொல்லமாட்டேன்.

மஞ்சள் நிறத்தை விடுங்கள். பளிச்சென்ற மஞ்சள் உங்கள் சத்து மாத்திரையின் சாயம். அதிலுள்ள பி2 வைட்டமின் அப்படித்தான் வெளியே வரும். கரும்மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. பயப்பட வேண்டிய நிறம் வேறு: பால் விடாத டீ போல, கடுங்காப்பி போல. கடும் வேலையும் வெயிலும் சேரும்போது தசைகள் சிதைந்து, அந்தக் கசடு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அதற்கு அர்த்தமாக இருக்கலாம். கரையேறிய பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தும் இருட்டும்வரை சிறுநீரே வராவிட்டாலும் அதே ஆபத்துதான். இரண்டில் எது நடந்தாலும் ‘காலையில் பார்க்கலாம்’ வேண்டாம், இளநீர் வைத்தியமும் வேண்டாம். அன்றைக்கே கடலாடியோ சாயல்குடியோ, அங்கிருந்து அனுப்பினால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். 108-ஐக் கூப்பிடலாம். அங்கே என்ன மாத்திரை போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகம் தனக்கு ரத்தம் வரும் குழாயை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் சமாளிக்கிறது. டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். குழாய் சுருங்கும். வெயில், வறட்சி, இந்த மாத்திரை மூன்றும் ஒரே நாளில் கூடுவதுதான் ஆபத்து. நீங்கள் மூன்றையும் தினமும் கூட்டுகிறீர்கள். இன்றோடு நிறுத்துங்கள். தலைவலி தாங்க முடியாத நாளில் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று போதும். எனர்ஜி டிரிங்க் 250 மில்லியில் இருப்பது சுமார் 75 மி.கி. கஃபீனும் ஐந்தாறு டீஸ்பூன் சர்க்கரையும். வீட்டுக் கருப்பட்டிக் காப்பியை விட அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இனி பத்து மணிக்கு வருவோம். சாயந்தரம் ரவிக்கையைத் துவைக்கும் முன் அதன் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைக் கோடு கோடாகப் படிந்திருந்தால் அது பாத்தியிலிருந்து தெறித்தது மட்டுமல்ல, உங்கள் உடம்பிலிருந்து வியர்வையோடு போன உப்பு. உப்புக் குவியலுக்கு நடுவே நின்றுகொண்டு உப்பில்லாமல் தவிக்கிறீர்கள். கெண்டைக்கால் இழுப்பும் மனம் ஓடாததும் பெரும்பாலும் அங்கிருந்துதான். ஊக்கப் பேச்சு வீடியோ இதற்கு உதவாது.

ஒதுங்க வேண்டியிருக்குமே என்றுதான் குடிக்காமல் இருக்கிறீர்கள். குடிக்கிற விதத்தை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடித்தால் சிறுநீராக வெளியேறும். வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது பெரும்பாலும் வியர்வையாகவே போய்விடும். இரண்டரை மணிக்கு வீட்டில் அரை லிட்டர் குடித்து, கிளம்பும்போது சிறுநீர் கழித்துவிடுங்கள். வேலையில் இறங்கியதிலிருந்து எட்டு மணிவரை அரை மணிக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி. எட்டு மணிக்கு மேல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் குடித்தது போக, கரையேறும்வரை மொத்தம் ஐந்து லிட்டர் வரும். தள்ளுவண்டியில் குடம் வைத்து நல்ல தண்ணீர் கொண்டுவரும் ஊரில் இது லேசான காரியமில்லை, தெரியும். நாலு பேர் சேர்ந்து ஒரு கேன் கொண்டுபோங்கள்.

அதில் ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலாக இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் கிடைக்கும். பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். அரை பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்குவது தவறு, வயிற்றைக் கலக்கும். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒன்பது மணிச் சாப்பாட்டோடு உப்புப் போட்ட நீராகாரம் அல்லது மோர். ரத்த அழுத்தம் இருந்தால் மட்டும் இந்தக் கூடுதல் உப்பை டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எடை தூக்கும் வேலையை விடியும் முன்பே முடிக்கப் பாருங்கள். ஒன்பதுக்கு மேல் மணிக்குப் பத்து நிமிடம் நிழல் வேண்டும். கங்காணி முகம் சுளித்தால், ஒதுங்குவதற்கு ஒரு மறைப்பு கட்ட நாலு கம்பும் பனையோலைத் தட்டியும் கேட்கும்போது இதையும் சேர்த்தே கேளுங்கள். ஒருத்தியாகக் கேட்டால் நடக்காது, எல்லோருமாகப் போங்கள். சிறுநீரை அடக்குவதால் வரும் எரிச்சலும் தொற்றும் தனிக் கதை.

தூக்கம் எத்தனை மணி நேரம் என்று எழுதவில்லை. சீரியல் முடிந்து பதினொன்றுக்குப் படுத்தால் மூன்று மணி நேரம்தான். எந்த மாத்திரையும் அதை ஈடுகட்டாது. எட்டு மணிக்குப் படுங்கள், மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள்.

முடி கொட்டுவதற்கும் களைப்புக்கும் ரத்தசோகை காரணமாக இருக்கலாம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் இரும்பு மாத்திரை தருவார்கள், டீயோடு விழுங்காதீர்கள். கிட்னி பயம் தீர, அதே ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), சிறுநீரில் அல்புமினும் (கசியக் கூடாத புரதம்) பார்க்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போன நாளில் கொடுத்தால் வறட்சியால் கிரியாட்டினின் கூடுதலாகக் காட்டிப் பயமுறுத்தும். லீவு நாளில், முந்தைய நாளும் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். அந்த லீவு நாளிலும் எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தாண்டிப் போகிறதென்றால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குத் தனி வைத்தியம் உண்டு.