காகிதத் துண்டா, டூல் செட்டரா?

கேள்வி: சிறிய சிஎன்சி மில்லிங் இயந்திரத்தில் வேலை செய்கிறேன். டூல் மாற்றும்போதெல்லாம் டூலுக்கும் வேலைப்பொருளுக்கும் நடுவே காகிதத் துண்டை வைத்துத்தான் இசட் உயரம் (டூல் முனையின் மேல்-கீழ் நிலை) எடுக்கிறேன். ஆழத்தில் 0.05 மி.மீ. வரை வித்தியாசம் வருகிறது. அந்த உயரத்தைத் தானே அளக்கும் தானியங்கி டூல் செட்டர் வாங்கலாமா, டயல் வைத்த செட்டரே போதுமா?

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரே டூலைக் கழற்றாமல் பத்து முறை உயரம் எடுத்து எழுதிவையுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் டூலைப் பிடித்திருக்கும் ஹோல்டரைக் கழற்றி மாட்டி, இன்னொரு பத்து முறை எடுங்கள்.

முதல் பத்திலேயே எண்கள் அலைந்தால் குறை காகிதத்தில்தான். சாதாரணத் தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ.; அது 'பிடிக்கிறது' என்று விரல் உணரும் இடம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே காலையிலும் மாலையிலும் மாறும். முதல் பத்து நிலையாக இருந்து இரண்டாவது பத்து மட்டும் அலைந்தால், டேப்பரிலோ (ஹோல்டர் உட்காரும் கூம்புப் பகுதி) காலெட்டிலோ (டூலை இறுக்கும் வளையம்) உலோகச் சீவல் ஒட்டியிருக்கிறதா, தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக உட்காராத டூலுக்கும் செட்டர் ஓர் எண்ணைத் தந்துவிடும். வெட்டும்போது டூல் நகர்ந்தால் அந்த எண்ணால் என்ன பயன்?

குறை காகிதத்தில்தான் என்றால், கையால் டூல் மாற்றும் உங்களுக்கு வேலைப்பொருள் மேல் வைத்துத் தொடும் 50 மி.மீ. உயர டயல் செட்டரே போதும் என்பேன். கடையிலேயே அதைச் சமதளத்தில் வைத்துப் பத்து முறை அழுத்தி விடுங்கள். முள் ஒவ்வொரு முறையும் அதே கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அடிப்பாகம் துளியும் ஆடக் கூடாது. உயரம் 50 தானா என்று மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வாங்கிய பிறகு ஓர் எச்சரிக்கை: செட்டரின் 50 மி.மீட்டரைக் கணக்கில் சேர்க்க மறந்தால் டூல் காற்றை வெட்டும், அவ்வளவுதான். ஆனால் செட்டர் இல்லாமல் வேலைப்பொருளை நேராகத் தொட்டுவிட்டு, பழக்கத்தில் 50 என்று இட்டால், டூல் 50 மி.மீ. உள்ளே பாயும்.

டூல் தானாக மாறும் இயந்திரம், ஆள் நில்லாமல் ஓடும் வேலை, உடைந்த டூலைக் கண்டுபிடிக்கும் தேவை: இவை இருந்தால் தானியங்கிச் செட்டர் நியாயமான செலவு. அப்போது விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் கன்ட்ரோலரில் (இயந்திரத்தை இயக்கும் கணினி) அதன் சமிக்ஞையை வாங்கும் இணைப்பு இருக்கிறதா என்பது. ஃபனுக் நிறுவன வகைக் கன்ட்ரோலரில், சமிக்ஞை வந்ததும் நகர்வை நிறுத்தும் ஜி31 கட்டளை அதற்குத்தான். தொடாதபோது மூடியிருக்கும் (மின்சாரம் ஓடும்) சுற்று உள்ளதையே கேளுங்கள். வயர் அறுந்தால் இயந்திரத்துக்கு உடனே தெரியும். '0.001 மி.மீ. காட்டும்' என்ற பேச்சில் மயங்காதீர்கள். திரும்பத் திரும்பத் தொட்டால் எவ்வளவுக்குள் அதே எண் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் பயன்படுத்தும் மிக மெல்லிய டூலின் விட்டத்தையும் சொல்லிவிடுங்கள், தொடும் விசையிலேயே அது முறியக்கூடும்.