வீல் நட்டுக்கு எந்த மெஷின்?

கேள்வி: பழைய ஹோண்டா கார் வைத்திருக்கிறேன். சக்கரம் கழற்ற, சின்னச் சின்ன ரிப்பேர் பார்க்க, 100 வெள்ளிக்குள் இம்பாக்ட் டிரைவர் (தட்டித் தட்டித் திருகும் கை மெஷின்) வாங்கலாமா?
- வாசகர், யீஷூன், சிங்கப்பூர்

பதில்: வாங்கலாம், ஆனால் சக்கரத்துக்காக என்றால் வேண்டாம். இம்பாக்ட் டிரைவரின் வாய் கால் அங்குல அறுகோணம், ஸ்க்ரூவுக்கும் சின்ன போல்ட்டுக்கும் அருமையாக வேலை செய்யும், ஆனால் வீல் நட்டை முறுக்குவதே சுமார் 110 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில், அப்புறம் நம்ம ஊர் மழையில் துரு பிடித்தால் கழற்ற அதைவிட நிறைய வேண்டும், பெரிய சாக்கெட்டுக்காக அடாப்டர் மாட்டினால் கொஞ்சம் விசை அதிலேயே போய்விடும். நட்டு, போல்ட்டுக்கென்றே உள்ள, அரை அங்குலச் சதுர வாய் கொண்ட இம்பாக்ட் ரெஞ்ச் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண் பெரும்பாலும் கழற்றும்போது அதிகபட்சமாக வரும் விசை, அதை நம்பி மயங்காதீர்கள். வீட்டில் 18 வோல்ட் டிரில் இருக்கிறதா? அதன் பேட்டரியே பொருந்தும் அதே பிராண்டில், பேட்டரி சேர்க்காமல் விற்கும் மெஷினாக வாங்கினால் செலவு நிறைய மிச்சம். நட்டில் மாட்டும் சாக்கெட் கறுப்பு நிற இம்பாக்ட் வகைதான், பளபளப்பானது உடைந்து தெறிக்கலாம். திரும்ப மாட்டும்போது மெஷின் வேண்டாம், கையால் சுற்றிவிட்டு டார்க் ரெஞ்சால் (விசையை அளந்து முறுக்கும் ரெஞ்ச்) முறுக்குங்கள். பட்ஜெட் இடிக்கிறதா? கழற்ற நீளமான பிரேக்கர் பாரே (சாக்கெட் மாட்டும் நீண்ட கைப்பிடிக் கம்பி) போதும், சத்தமும் வராது, பக்கத்து வீட்டுக்காரரும் திட்டமாட்டார்.